விற்க மறுத்த கன்றுக்கடை

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ச் சந்தியில் பலாலி வீதியை விட்டு உள்ளே திரும்பி, ஒழுங்கைக்குள் கொஞ்சத் தூரம் போனால் கிடுகு வேலிக்கு மேலால் கறுப்பு நிழல்வலை தெரியும். அதுதான் மரக்கன்றுக் கடை. பெயர்ப்பலகை இல்லை, கூகிள் வரைபடத்திலும் இல்லை. "கன்றுக்கார ஐயா வீடு" என்று கேட்டால் சைக்கிளில் போகிற சின்னப்பிள்ளையும் கை காட்டும்.

ஒவ்வொரு வருடமும் மே கடைசியில் எனக்கு நாலைந்து போன் வரும். எல்லாம் பக்கத்து ஊர்ச் சனசமூக நிலையச் செயலாளர்கள், மாதர் சங்கத்துக்காரர். "அக்கா, சுற்றாடல் தினத்துக்குக் கன்று எங்கை மலிவா எடுக்கலாம்?" இந்த வருடமும் ஜூன் 5 வந்து போய்விட்டது. வாய்க்கு வாய் சொல்லிக் களைத்துப்போய் எழுதுகிறேன்.

கடையைப் பற்றிச் சொல்ல முதலில் 2023ஐச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஒரு அலுவலகம் எங்கள் சனசமூக நிலையத்துக்கு 200 கன்று இலவசமாகத் தந்தது. ஜூன் 5 காலை பத்து மணிக்குக் கூட்டம். பதாகை கட்டினோம், ஒலிபெருக்கி எடுத்தோம், ரெஜிபோமில் பச்சை எழுத்து வெட்டி ஒட்டினோம். அந்த வருடத்து உலகக் கருப்பொருள் பிளாஸ்ரிக் மாசை ஒழிப்பது. அதை ரெஜிபோமில், அதுவும் பிளாஸ்ரிக்தான், வெட்டி ஒட்டியவள் நான்தான். வந்தவர்களுக்கெல்லாம் போத்தல் தண்ணீர். 140 பேர் மட்டில் வந்தார்கள். கன்றை நட்டபிறகுதான் வாளி கொண்டுவர ஒருவரும் நினைக்கவில்லை என்று தெரிந்தது. பிரதம விருந்தினர் தான் குடித்து மிஞ்சிய போத்தலைக் குழிக்குள் கவிழ்த்தார். அந்தப் படம் எங்கள் நிலையத்துச் சுவரில் இன்னும் தொங்குகிறது.

ஆவணி முடியப் போய் எண்ணினேன். 200இல் ஒன்பது. அந்த ஒன்பதும் பக்கத்து வளவு அக்காவின் கிணற்றடிக் கானுக்குக் கிட்ட நட்டவை. அவர் உடுப்புத் தோய்த்த தண்ணீரில் தப்பியிருந்தன.

நாங்கள் மயிலிட்டிப் பக்கம். 1990 ஆனியில் போரால் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். இராணுவம் பிடித்திருந்த எங்கள் பக்கத்துக் காணி திரும்பக் கிடைத்தது 2017இல். வீடு இருக்காது என்று மனதை ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் போனேன். ஆனால் மரம் இருக்காது என்று நினைக்கவில்லை. எங்கள் வளவில் நின்ற பலாவும் இல்லை, இரண்டு இலுப்பையும் இல்லை. நாயுண்ணிப் பற்றையும் உடைமுள்ளும் நின்றன. எல்லைப் பக்கம் தலையில்லாத மொட்டைப் பனைகள். மிச்சப் பனை எங்கே போயிருக்கும் என்று யோசிக்கத் தேவையில்லை. பங்கருக்குப் பனங்குற்றி அடுக்கின காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே 200 கன்றில் 191 பட்டுப்போனது எனக்குச் சும்மா கணக்கு இல்லை.

சரி, கடைக்கு வருவோம்.

2024 மே கடைசியில், இந்த முறை காசு கொடுத்து நல்ல கன்றாக எடுப்போம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். நிலையக் கணக்கிலிருந்து 15,000 ரூபா கையில். ஐயாவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பூவாளியால் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

"எத்தனை வேணும் பிள்ளை?"

"நூறு, ஐயா."

"எப்ப நடப்போறியள்?"

"ஆனி அஞ்சு. சுற்றாடல் தினம்."

"அப்ப இல்லை."

அவருக்குப் பின்னால் வேம்பும் மருதும் நாவலும் வரிசை வரிசையாக நின்றன. நான் அதைப் பார்த்தேன், அவரும் திரும்பிப் பார்த்தார். "இருக்கு. தரமாட்டன். சோளகக் காத்து தொடங்கீட்டுது. நட்டா ஒரு கிழமைக்குப் பச்சையா நிக்கும், படம் எடுக்கலாம். பிறகு விறகு." பூவாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்டார். "ஐ.நா. சபை எங்கடை மழையைக் கேட்டோ திகதி வைச்சது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வெயிலில் அவ்வளவு தூரம் வந்த பொம்பிளையை வாங்கு போட்டு இருத்தக்கூட இல்லை. போகும் வழியில் வேறொரு இடத்தில் விசாரித்தேன். எத்தனை வேண்டுமென்றாலும் தருவோம், நூறுக்கு மேல் கழிவு உண்டு, வாகனமும் பிடித்துத் தருவோம் என்றார்கள். அட்டையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரவு படுக்கையில் அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. ஜூன் 5 எப்படி வந்த திகதி? 1972இல் ஸ்டொக்ஹோமில் ஐ.நா.வின் மனித சுற்றாடல் மாநாடு தொடங்கிய நாள் அது. சுவீடனில் அப்போது வசந்தம் முடிந்து கோடை தொடங்குகிற நேரம், எல்லாம் தளிர்த்து நிற்கும். எங்களுக்கு அது காற்று மண்ணை வாரிக் கண்ணில் போடுகிற நாள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாற்றிலும் மாரியில்தான் தண்ணீர். மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்குள் விழுந்து முடிந்துவிடும். மிச்ச மாதமெல்லாம் முருகைக்கல்லுக்குள் நிற்கிற கிணற்றுத் தண்ணீர்தான் சீவியம். கடற்கரை ஊரில் அதையும் கூட இறைத்தால் உவர் ஏறிவிடும். 2024க்கு ஐ.நா. வைத்த கருப்பொருளோ நிலத்தை மீட்பது, பாலைவனமாவதைத் தடுப்பது, வரட்சியைத் தாங்குவது. அதைக் கொண்டாட நாங்கள் நூறு கன்றை வரட்சியில் கொண்டுபோய்ச் சாகக் கொடுக்க இருந்தோம்.

அடுத்த நாள் திரும்பப் போனேன். இந்த முறை வாங்கு கிடைத்தது, பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் வந்தது. அப்புறம் ஒரு மணித்தியாலம் இலவசப் பாடம். ஆனியில் குழியை மட்டும் வெட்டு, இரண்டடிக்கு இரண்டடி, வெயில் குடிக்கட்டும். புரட்டாதியில் மாட்டெருவும் சருகும் மேல்மண்ணும் போட்டு மூடு. நல்ல மழை இரண்டு தரம் விழுந்தபிறகு வந்து கன்று எடு. நடும்போதே கூடு கட்டு, இல்லாவிட்டால் கட்டாக்காலி மாட்டுக்குத்தான் விருந்து. கிளுவைக் கதியால் நாலு, சுற்றிப் பனம்மட்டை, காசு செலவில்லை. அன்றைக்கு அவர் என்னிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. கடை விமர்சனத்தில் இதை எந்தத் தலைப்புக்குள் போடுவது என்று தெரியவில்லை.

ஆக, 2024 ஜூன் 5 அன்று எங்கள் ஊரில் கன்று நடவில்லை, குழி வெட்டினோம். 140 பேர் வந்த இடத்தில் 19 பேர் வந்தார்கள். பிரதம விருந்தினர் இல்லாத விழாவுக்கு யார் வருவார்? வந்த 19 பேரும் வேலை செய்ய வந்தவர்கள். விளையாட்டுக் கழகப் பெடியள் அலவாங்கும் பிக்கானும் கொண்டுவந்தார்கள். கல் நிலம், ஒரு குழிக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. துருப்பிடித்த ரின், சன்னக் கோது எல்லாம் கிளம்பியது. ஒரு குழியில் அலவாங்கு இரும்பில் பட்டு 'ணங்' என்றது. கண்ணிவெடி அகற்றி முடித்த காணிதான், எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு ஒருவரும் சொல்லாமல் எல்லாரும் பின்னுக்குப் போய்விட்டோம். பிறகு மெல்லக் கிண்டிப் பார்த்தால் ஒரு வாளிக் காது. அந்தக் காணிக்காரரின் பழைய கிணற்றுவாளியாக இருக்கும். அவர் அதைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோனார். மத்தியானம் பனையோலைப் பிளாவில் ஒடியற்கூழ். இந்த முறை போத்தலும் இல்லை, ரெஜிபோமும் இல்லை. நான் அறிக்கையில் அதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன்.

மொத்தம் 60 குழி. நூறு என்று கணக்குப் போட்டோம், முதுகு விடவில்லை.

குழி மூடுவதற்குச் செப்டெம்பர் 21ஐக் குறித்தேன், சர்வதேச சமாதான நாள். மூடுகிற வேலைக்கும் சமாதானத்துக்கும் என்ன பொருத்தம் என்று தலைவர் கேட்டார். புரட்டாதியும் அதுதான், பனங்கொட்டை பொறுக்குகிற காலமும் அதுதான் என்றேன். பனங்கன்று கேட்டு நான் ஐயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையும் உண்டு. பனையைப் பையில் வளர்க்கக்கூடாதாம். கொட்டை முளைத்ததும் முதலில் கீழேதான் இறங்கும், கிழங்கு ஆழம் தேடிப் போகும், பையில் அது சுருண்டு கெட்டுவிடும். கொட்டையை அது நிற்க வேண்டிய இடத்திலேயே போட வேண்டும். "பனைக்கு நான் உனக்கு ஒண்டும் விக்கேலாது, ரோட்டிலை கிடக்குது, பொறுக்கு" என்றார். வியாபாரி வாயால் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

திகதியைக் குறித்தபிறகுதான் தெரிந்தது, அன்றைக்குத்தான் ஜனாதிபதித் தேர்தல். கூட்டம் கூட்ட வழியில்லை. ஆகவே விழாவை விட்டுவிட்டு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி மட்டும் போட்டேன்: வாக்குப் போட்டுவிட்டு வரும் வழியில் ஆளுக்குப் பத்துக் கொட்டை பொறுக்கி வந்து நிலையத்து விறாந்தையில் போடுங்கள். பின்னேரம் பார்த்தால் சாக்குக் கணக்கில் குவிந்திருந்தது. சின்ன விரலில் மை பூசிய கையோடு வயது போன அம்மாமார் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து கொட்டினார்கள். 140 பேரும் திரும்பி வந்த நாள் என்றால் அதுதான், ஆனால் ஒரே நேரத்தில் வரவில்லை, படமும் இல்லை. இரவு பத்து மணிக்கு ஊரடங்கு வந்துவிட்டது. குழியை அடுத்த கிழமை மூடினோம்.

திகதி மாற்றுவது ஏதோ துரோகம் என்று நினைக்கிற சங்கக்காரருக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சமாதான நாளே முதலில் 21ஆம் திகதி இல்லை. 1981இல் பொதுச்சபை அறிவித்தபோது செப்டெம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமை என்றுதான் வைத்தார்கள். 2001இல்தான் 21 என்று நிலையாக்கினார்கள். அவர்களே தங்கள் வசதிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

அதே 2001இல் இன்னொரு நாளையும் பொதுச்சபை அறிவித்தது. நவம்பர் 6, போரிலும் ஆயுத மோதலிலும் சுற்றாடல் சுரண்டப்படுவதைத் தடுப்பதற்கான சர்வதேச நாள். பெயர் நீளம், அதனாலோ என்னவோ எங்கள் பக்கத்தில் ஒருவரும் கொண்டாடிக் கண்டதில்லை. நாட்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டு போனபோது இதைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மொட்டைப் பனை நிற்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் எது? மழையும் அப்போதுதான். மாகாண சபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதம் என்று அறிவித்ததும் சும்மா இல்லை. (கார்த்திகையில் மரம் நடுவதற்கு எங்கள் ஆட்களுக்கு வேறு காரணமும் உண்டு. அது இந்த எழுத்துக்குள் அடங்காது.)

நவம்பர் முதல் கிழமை ஐயாவிடம் போனேன். இந்தத் தடவை விற்றார்.

கன்று எடுக்கும்போது அவர் சொன்னது: "உயரத்தைப் பாராதை, கழுத்தைப் பார்." மண்ணும் தண்டும் சந்திக்கிற இடத்தைச் சொல்கிறார். பெருவிரல் மொத்தம் இருக்க வேண்டுமாம். மற்ற இடங்களில் நெஞ்சளவு உயரத்தில் நூல்போல நிற்கிற கன்றுகளைத்தான் விலை கூட்டி விற்பார்கள். இங்கே முழங்கால் உயரம்தான், ஆனால் வைரமாக நிற்கும். இரண்டு கிழமைக்கு முன்னரே நிழல்வலையை விட்டு வெளியே எடுத்து வெயிலும் காற்றும் பழக்கியிருந்தார். வேம்பு 100 ரூபா, மருதும் நாவலும் 150, இலுப்பை 200. வெளியில் கேட்கிற விலையை விட நாவல் மட்டும் கொஞ்சம் கூட. பையைக் கிழிக்காமல் கழற்றித் திருப்பிக் கொண்டுவந்தால் பைக்கு 3 ரூபா தருவார். பொலித்தீன் ஏன் என்று கேட்டேன். பனையோலைக் குட்டானில் ஒரு வருடம் முயற்சி செய்தாராம், மழை வரமுதல் கறையான் தின்று முடித்துவிட்டது. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி குறைகள். பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

பற்றுச்சீட்டு இல்லை. சங்கத்துக் காசில் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய தலையிடி. நான் அழுதுபிடித்துக் கேட்டதற்கு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் "கண்டு 60" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எங்கள் கணக்காய்வாளர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். போன் எடுக்கமாட்டார். பத்து மணிக்குப் பிறகு போனால் ஆள் இருக்கமாட்டார், நாய் இருக்கும். வாகன வசதி இல்லை, நீங்கள்தான் பட்டா என்கிற சின்ன லொறியோ லான்ட்மாஸ்டரோ கொண்டுவர வேண்டும். கன்றுக்குப் பெயர்த்துண்டு ஒன்றும் இல்லை, எல்லாம் அவர் தலைக்குள். அதனால் வேம்பு என்று தந்ததில் ஆறு மலைவேம்பு. இலை கொஞ்சம் பெருத்தபிறகுதான் கண்டுபிடித்தோம். போய்ச் சொன்னால், "அதுவும் வேம்பு எண்டுதானே பேர் வைச்சிருக்கு" என்கிறார். இலுப்பையில் நாலு பழைய கன்று, பைக்குள் வேர் பம்பரக் கயிறுபோலச் சுற்றிக் கிடந்தது. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. இதை நான் மன்னிக்கவில்லை. எடுக்கும்போது பையின் அடியை அமத்திப் பாருங்கள், கல்லுப்போல இருந்தால் வேண்டாம் என்று வையுங்கள். ஒட்டுமாவுக்கும் இங்கே போகவேண்டாம். கறுத்தக்கொழும்பான் ஏழெட்டு வைத்திருக்கிறார், விலையும் கூட, ஒட்டும் எனக்குத் திருப்தியாகப் படவில்லை. இது மரக்கன்றுக் கடை, பழக்கன்றுக் கடை இல்லை.

நவம்பர் 6, 2024 புதன்கிழமை. அடுத்த கிழமை பாராளுமன்றத் தேர்தல். கன்று நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு கட்சிக்காரர் வந்துவிட்டார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். கூடு கட்டக் கதியால் குறைவாக இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் கத்தியைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு பக்கம் உண்மையிலேயே வெட்டிக்கொண்டு வந்தது. யார் என்று சொல்லமாட்டேன்.

அந்த மாதக் கடைசியில் பெங்கல் புயல் மழை. எங்கள் பள்ளக் காணியில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. வேம்புக்குத் தண்ணீர் தேங்கக்கூடாது என்று ஐயா சொல்லியிருந்தார். எந்தக் காணி பள்ளம் என்று நாங்கள்தான் அவருக்குச் சொல்லவில்லை. மருது அதே தண்ணீருக்குள் அசையாமல் நின்றது. ஆற்றங்கரையில் நிற்கிற மரம், அதற்கு இது ஒரு பொருட்டா?

இந்த ஜூன் 5 அன்று விழா வைக்கவில்லை. கொப்பி, பேனையோடு எண்ணப் போனோம், ஒன்பது பேர். 60இல் 41 உயிரோடு நிற்கிறது. தண்ணீரில் அழுகிய வேம்பு எட்டு, ஆடு தின்றது ஐந்து, அந்த வேர் சுற்றிய இலுப்பை நாலு, பட்டா பின்னுக்கு எடுத்து ஏற்றியது இரண்டு. ஆறு மலைவேம்பும் எல்லாவற்றையும் விட உயரமாக நிற்கிறது, எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லைப் பக்கம் போட்ட பனங்கொட்டையை எண்ணவில்லை. அங்கங்கே புல்லுப்போல ஒற்றை ஓலை கிளம்பியிருக்கிறது. அது வடலியாக வளர்ந்து, பிறகு பூக்கும் வரைக்கும் ஆணா பெண்ணா என்றே தெரியாது. அதைப் பார்க்க நான் இருப்பேனோ தெரியாது, கொட்டை கொண்டுவந்து கொட்டின அம்மாமார் பலர் இருக்கமாட்டார்கள்.

போன கிழமை ஐயாவிடம் போய் இந்த நவம்பருக்கு 80 சொல்லிவிட்டு வந்தேன். மருது கூட, வேம்பு குறைய, இலுப்பை புதுக்கன்று மட்டும். "ஆறாந் திகதியோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். "மழை விழுந்தாத்தான்" என்றார்.

போகிறவர்கள் காலை ஏழிலிருந்து பத்துக்குள் போங்கள். நாய் இடப்பக்கத்தில் கட்டியிருக்கும், கயிறு நீளம். முன்பணம் கேட்கமாட்டார், மறந்தும் போகமாட்டார். ஆனால் பையைத் திருப்பிக் கொடுத்தால் காசை அங்கேயே நின்று எண்ணி வாங்குங்கள். எனக்கு 14 பைக்கு இன்னும் 42 ரூபா தர இருக்கிறது.